பார்க்கர் 51 பேனாவின் நிப்பு பிராண்டுகிறது: திறந்து பார்க்கலாமா, தேய்க்கலாமா?

மீனாள், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் வாங்கிய பார்க்கர் 51 மைப்பேனா ஒன்று வீட்டுப் பெட்டகத்திலிருந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. உடல் கருஞ்சிவப்பு, மூடி மங்கலான எஃகு நிறம். உடலில் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற பொறிப்பும் அதற்குப் பக்கத்தில் 9 என்ற எண்ணும் உள்ளன. பின்பகுதியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஓர் உலோகக் கூடும், அதில் வரிவரியான அழுத்துக்கட்டை ஒன்றும் தெரிகின்றன. அதை 6 முறை பலமாக அழுத்தி மை நிரப்புமாறு அந்தக் கூட்டிலேயே பொறித்திருக்கிறார்கள்.

மை நன்றாகவே ஏறுகிறது. ஆனால் எழுதும்போது இரண்டு குறைகள் தெரிகின்றன. சுழி போடுகையில் பேனா இடப்பக்கம் திரும்பும் இடத்தில் மட்டும் காகிதத்தைப் பிராண்டுகிறது. வலப்பக்கம் போகும்போது வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்ததாக, சற்று நேரம் எழுதாமல் வைத்திருந்துவிட்டு மீண்டும் தொடங்கினால் முதல் எழுத்தின் முதல் கோடு விழுவதில்லை. இரண்டு மூன்று இழுப்புகளுக்குப் பிறகே மை இறங்குகிறது.

இங்கே கடிகாரமும் பேனாவும் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். நயமான வாட்டர் பேப்பரில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார். உறவினர் ஒருவரோ, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்ததுபோல நிப்பின் பிளவுக்குள் பாதி பிளேடை விட்டு எடுக்கச் சொல்கிறார். நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மீதியை அந்தச் சிவப்பு முகப்பு மூடியிருப்பதால், உள்ளே என்ன நிலைமை என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா பயன்படுத்திய பொருள் என்பதால், திரும்பப் பெற முடியாதபடி எதையும் செய்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். முகப்பைக் கழற்ற வேண்டுமா? தேய்ப்பது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மைக்கூடு

மீனாள் அவர்களுக்கு வணக்கம். வாட்டர் பேப்பர், பிளேடு இரண்டையும் இந்தப் பேனாவின் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் உலோகத்தைத் தேய்க்காமலேயே தீரக்கூடியவை என்றுதான் உங்கள் விவரிப்பைப் படிக்கும்போது தோன்றுகிறது.

பார்க்கர் 51 விற்பனைக்கு வந்தது 1941இல். அழுத்துக்கட்டை வைத்து மை நிரப்பும் ஏரோமெட்ரிக் அமைப்பு அதில் 1948இல் வந்தது. ஆகவே உங்கள் பேனாவில் உள்ள 9 என்ற எண் 1949ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் மைப்பை ரப்பரால் ஆனதன்று. பிளை-கிளாஸ் என்று பார்க்கர் பெயரிட்ட பிளாஸ்டிக்கால் ஆனது. அக்காலத்து ரப்பர்ப் பைகள் எல்லாம் கல்லாக இறுகி உடைந்துபோன பிறகும் இந்தப் பைகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே கிடைக்கின்றன. உங்களுடையதில் மை ஏறுகிறது என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த உலோகக் கூட்டைப் பிடித்து இழுத்துக் கழற்ற மட்டும் முயல வேண்டாம்.

முதல் கோடு விழாத குறையை முதலில் எடுத்துக்கொள்வோம். சாதாரண மைப்பேனாவில் நிப்புக்கு அடியில் ஒரு நாக்கு மட்டும் இருக்கும். 51இல் அந்த நாக்கையும் நிப்பையும் சுற்றி, மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்ததுபோன்ற வரிகள் கொண்ட மைத்தேக்கி ஒன்று உண்டு. கைச்சூட்டில் பைக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, அந்த மை கக்கிவிடாமல் இந்த வரிகளுக்குள் தங்கிக்கொள்கிறது. பேனாவைப் பல ஆண்டுகள் மையோடு அப்படியே வைத்துவிட்டால், இந்த வரிகளிலும் நாக்கின் நுண்ணிய வாய்க்காலிலும் மை காய்ந்து படிந்துவிடுகிறது. பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம்தான் இங்கே வேலை செய்கிறது: வாய்க்கால் குறுகக் குறுக மை நுனியை நோக்கி இழுக்கப்பட வேண்டும், இடையில் படிவம் அடைத்திருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. எழுதிக்கொண்டே இருக்கும்போது எப்படியோ சமாளித்து வரும் மை, நிறுத்தி வைத்த பிறகு நுனிவரை வந்து நிற்பதில்லை.

ஆகவே முதலில் பேனாவை ஊறவையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, சிவப்பு முகப்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் பேனாவைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். சற்று நேரத்தில் நிப்பின் நுனியிலிருந்து நீல நூல்போல மை கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். தண்ணீர் நிறம் மாறியதும் மாற்றுங்கள். அழுத்துக்கட்டையை அழுத்தித் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றுங்கள். தண்ணீர் தெளிவாக வருகிறது என்று உடனே நிறுத்திவிட வேண்டாம். நுனியை மெல்லிய டிஷ்யூ தாளில் ஊன்றி ஓர் இரவு நிறுத்தி வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் மை தாளில் மீண்டும் நிறமாகப் படரும். அது நிற்கும்வரை ஊறவைக்க வேண்டும். கொதிநீர், வெந்நீர் எதுவும் வேண்டாம். ஸ்பிரிட், சானிடைசர் போன்றவை அறவே கூடாது. இந்த உடல் லூசைட் என்னும் அக்ரிலிக், ஆல்கஹால் பட்டால் அதில் முடிவெடிப்புகள் ஓடிவிடும். தண்ணீருக்கு மசியாத பழைய மையாக இருந்தால், 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு வீட்டு உபயோக அம்மோனியாவும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து சிறிது நேரம் மட்டும் ஊறவைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவலாம்.

இனி பிராண்டலுக்கு வருகிறேன். ஒரே திசையில் மட்டும் பிராண்டுகிறது என்று நீங்கள் கவனித்துச் சொல்லியிருப்பது மிகவும் உதவியான செய்தி. நிப்பின் நுனி பிளவுக்கு இருபுறமும் இரண்டு இதழ்களாக இருக்கிறது. ஒவ்வோர் இதழுக்கும் வெளிப்பக்கம் உருண்டையாகவும், பிளவை ஒட்டிய உள்விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை அந்தக் கூர்மை காகிதத்தில் படாது. ஓர் இதழ் கீழே இறங்கிவிட்டால் எடை முழுவதும் அதன் மேல் விழுந்து, அதன் உள்விளிம்பு முன்னால் செல்லும் திசையில் காகிதத்தைச் செதுக்கும். இடப்பக்கம் போகும்போது பிராண்டுகிறது என்றால், எழுதும் நிலையில் மேலிருந்து பார்க்கையில் வலப்பக்கத்து இதழ் தாழ்ந்திருக்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று தேவை. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்வதே போதும். வெளிச்சத்துக்கு எதிராகப் பேனாவைப் பிடித்து, நுனியை நேருக்கு நேராகப் பாருங்கள். வலது இதழ் தாழ்ந்திருப்பது தெரிந்தால், கட்டைவிரல் நகத்தால் அதை அடியிலிருந்து மிக மெதுவாக மேல்நோக்கி அழுத்திச் சில நொடிகள் பிடித்திருந்து விடுங்கள். பார்வைக்கு எதுவும் அசையாததுபோலத்தான் இருக்கும்; தேவைப்படுவது அவ்வளவு சிறிய அசைவுதான். ஒவ்வொரு முறையும் லென்ஸில் பார்த்துவிட்டு, எழுதியும் பார்த்துவிட்டு அடுத்த முறை அழுத்துங்கள். குறடு, இடுக்கி எதையும் நுனியில் வைக்க வேண்டாம். 14 கேரட் தங்கம் வளையக்கூடியதுதான் என்றாலும், முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி விரிசல் விடும்.

பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை. சவர பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; அது தங்கத்தைவிடக் கடினமான எஃகு. நுனியில் இருக்கவேண்டிய இடைவெளியோ அதைவிட மிகக் குறைவு. உள்ளே விட்டால் பிளவு விரிவதோடு சுவர்களும் செதுக்கப்பட்டு, மை கொட்டும் பேனாவாகிவிடும்.

பழைய பேனா பழுதுபார்ப்பவர், கோவை

மைக்கூடு அவர்கள் சொன்ன வரிசை சரி. ஆனால் ஊறவைத்தாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அது தந்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். என் மேசைக்கு வரும் 51களில் பலவற்றை வெளியிலிருந்து எத்தனை நாள் ஊறவைத்தாலும் மைத்தேக்கியின் ஆழத்தில் இருக்கும் படிவம் கரைவதில்லை. 1940களின் பிற்பகுதியில் பார்க்கர் விற்ற சூப்பர்குரோம் என்ற மை விரைவாக உலர வேண்டும் என்பதற்காகக் காரத்தன்மை மிகுந்ததாகச் செய்யப்பட்டது. அதை நிரப்பியபடியே விட்டுவிட்ட பேனாக்களில் உட்புறம் மோசமாகவே இருக்கும். டிஷ்யூவில் நிறம் நின்ற பிறகும் மை தடைப்பட்டால், முகப்பைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நீங்களே செய்யாவிட்டாலும், செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ள உதவும்.

அந்தச் சிவப்பு முகப்பு சாதாரணத் திருகுமரையில்தான் பொருந்தியிருக்கிறது. மை கசியாமல் இருக்க மரையில் அரக்கு தடவி ஒட்டியிருப்பார்கள். அரக்கு ஏறக்குறைய 75 முதல் 80 டிகிரி செல்சியஸில் இளகும். லூசைட்டோ 100 டிகிரியை நெருங்கும்போது உருமாறத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால், கொதிநீரில் முக்குவதும் விளக்கில் காட்டுவதும் முகப்பைப் பாழாக்கும் வழிகள். தலைமுடி உலர்த்தும் டிரையரை எட்டிப் பிடித்து, பேனாவைச் சுற்றிக்கொண்டே, முகப்பின் அடிப்பகுதியில் உள்ள வளையத்துக்கு அருகில் சூடேற்ற வேண்டும். கூம்பிய நுனிப்பகுதி மிக மெல்லியது. அங்கே சூடு காட்டக் கூடாது. தொட்டால் கை பொறுக்காத அளவு சூடானதும், சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் முகப்பைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டக் கூடாது. ஆறவிட்டு மீண்டும் சூடேற்ற வேண்டும். வெளியிலிருந்து ஊறவைத்த நாள்கள் இங்கேதான் பலன் தரும், ஏனென்றால் மரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அரக்கு மட்டுமன்று, காய்ந்த மையும்தான்.

கழற்றியதும் மூடியைப் பற்றும் உலோக வளையம் தனியாக வந்துவிடும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மைத்தேக்கியை நேராக இழுத்தால் அதனோடு நாக்கும், மைப்பைக்குள் நீண்டு செல்லும் மெல்லிய மூச்சுக்குழாயும் சேர்ந்து வரும். உங்கள் பேனாவின் காலத்தில் அந்தக் குழாயை வெள்ளியில் செய்தார்கள். பழைய மையில் கிடந்து அரித்துப்போயிருக்கக்கூடும் என்பதால், பக்கவாட்டில் அசைத்தால் ஒடிந்துவிடும். நிப்பு, நாம் வழக்கமாகப் பார்க்கும் அகன்ற இலை வடிவில் இருக்காது; ஒரு சிறு தங்கக் குழாயின் ஒரு பக்கத்தைக் கூராக நீட்டியதுபோல இருக்கும். அது நாக்கின் மேல் செருகி நிற்கும். மைத்தேக்கியை வரிகளின் போக்கிலேயே மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் காட்டினால், வரிகளுக்குள்ளிருந்து செதில் செதிலாக மை உதிர்வதைக் காணலாம்.

திரும்பப் பூட்டும்போதுதான் பலரும் இடறுகிறார்கள். முகப்பு முழுவதும் திருகி நின்றபின் அதன் கூர்நுனி நிப்பின் பிளவுக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பார்வைக்கும் கோணலாக இருக்கும், கையும் தவறாகப் பிடிக்கும். ஆகவே அரக்குத் தடவும் முன் வெறுமனே ஒருமுறை பூட்டிப் பார்த்து, தேவையான அளவுக்கு மைத்தேக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு, பிறகே அரக்கிட வேண்டும். மரவேலை செய்பவர்கள் பிரெஞ்சு பாலிஷுக்குக் கரைக்கும் அரக்கே போதும். மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். விரைவாக ஒட்டும் பசைகளை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை இதைத் திறக்க வேண்டியவருக்கு வழியே இல்லாமல் போய்விடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

அன்பு மகளுக்கு, இருவர் சொன்னதையும் படித்தேன். நிப்பின் மட்டத்தைத் திருத்துவதற்கு முன் நீங்கள் பேனாவைப் பிடிக்கும் விதத்தையும் ஒருமுறை பாருங்கள் என்பது என் வேண்டுகோள். திறந்த நிப்புள்ள பேனாவில் நிப்பின் முகம் நம்மைப் பார்ப்பதால் கை தானாகவே அதை நேராகப் பிடிக்கும். 51இல் நிப்பு மறைந்திருக்கிறது. மூடியும் திருகாமல் செருகி நிற்பது என்பதால், அதன் கிளிப்பை வைத்தும் எது மேல்பக்கம் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா விரல்களுக்கிடையில் சிறிது உருண்டுவிட்டால் ஓர் இதழ் மட்டுமே காகிதத்தில் படும். அப்போது நிப்பு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் பிராண்டும். முகப்பின் கூர்நுனி வானத்தைப் பார்க்குமாறு வைத்துக்கொண்டு, ஒரே சுழியைப் பலமுறை எழுதிப் பாருங்கள். பிறகு பேனாவை இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை உருட்டி அதே சுழியை எழுதுங்கள். எந்த நிலையில் பிராண்டல் மறைகிறது என்று தெரிந்துவிடும்.

தேய்ப்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இது. தங்கம் காகிதத்தில் உரசித் தேய்ந்துவிடும் என்பதால்தான் நிப்பின் நுனியில் கடினமான உலோகக் குமிழ் ஒன்றைப் பற்றவைக்கிறார்கள். பார்க்கர் இந்தப் பேனாக்களுக்குப் பயன்படுத்திய பிளாத்தீனியம் என்பது பெரும்பகுதி ருத்தீனியமும் சிறிது பிளாட்டினமும் சேர்ந்த கலவை. அந்தக் குமிழின் அளவே மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். வாட்டர் பேப்பரில் நாலு தேய்ப்பு என்பது அதில் பெரும்பகுதியை எடுத்துவிடக்கூடும். போனால் புதுக் குமிழ் பற்றவைக்கும் கைத்திறன் உடையவர்கள் மிகச் சிலரே. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது புது நிப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து ‘பழக்கினோம்’. அவை கடையில் சில பைசாவுக்குக் கிடைத்த எஃகு நிப்புகள், போனால் இன்னொன்று. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஐயா கணக்கெழுதியவர் என்றால் இந்த நிப்பு பேரேடுகளில் எத்தனையோ பக்கங்கள் ஓடியிருக்கும். அவர் சாய்த்துப் பிடித்த கோணத்தில் குமிழின் அடியில் ஒரு சிறு தட்டையான பகுதி உருவாகியிருக்கும். லென்ஸில் ஒளி பட்டால் அது சிறு கண்ணாடித் துண்டுபோலப் பளிச்சிடும். அந்தத் தட்டையின் ஓரம் காகிதத்தில் பட்டாலும் பிராண்டல் வரும். அதற்கு மருந்து அவருடைய கோணத்தைக் கண்டுபிடித்து அதில் எழுதுவது. எல்லாம் செய்தும் ஓர் ஓரம் உறுத்தினால் மட்டும், மைக்ரோ மெஷ் தாளில் 12000 என்ற மிக நயமான தரத்தை எடுத்து, பேனாவின் சொந்த எடையில், மை ஊறிய நிலையில், எட்டு வடிவில் சிலமுறை எழுதுவதுபோல ஓட்டிவிட்டு உடனே நிறுத்தி எழுதிப் பார்க்கலாம். அளவுக்கு மீறி மெருகேற்றினால் பிளவின் இரு உள்விளிம்புகளும் உருண்டு, நடுவில் ஒரு பள்ளம் விழும். பிளவில் மை இருந்தும் காகிதத்தைத் தொடாமல், முதல் கோடு விழாமல் போவதற்கு அந்தப் பள்ளமும் ஒரு காரணம்.

மீனாள், காரைக்குடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேனாவைத் தொடர்ந்து ஊறவைத்தேன். முதலில் நீலமும், அதற்குப் பிறகு நான் எதிர்பாராத ஊதா நிறமும் இறங்கின. இப்போது டிஷ்யூவில் எதுவும் படரவில்லை. இங்கே நகை வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தம் லென்ஸைக் கொடுத்து உதவினார். வலது இதழ் தாழ்ந்திருப்பது தெளிவாகவே தெரிந்தது. நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்ததில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. இடப்பக்கச் சுழிகளில் இருந்த பிராண்டல் நின்றுவிட்டது. பெரியவர் சொன்ன தட்டையான பகுதியும் உண்மையாகவே இருக்கிறது. நான் வழக்கமாகப் பிடிப்பதைவிடச் சற்றுப் படுக்கையாகப் பிடித்தால் எழுத்து மிக இதமாக ஓடுகிறது.

ஆனால் முதல் கோட்டுத் தயக்கம் குறைந்திருக்கிறதே தவிர முற்றிலும் போகவில்லை. கொஞ்சம் அழுத்தினால் உடனே விழுகிறது. மூடியை மாட்டி வைத்திருந்து எடுத்தாலும் அப்படித்தான். இப்போது முகப்பைக் கழற்றும் நிலை வந்துவிட்டதா?

மைக்கூடு

இன்னும் வரவில்லை. அழுத்தினால் விழுகிறது என்பதை வைத்துப் பார்த்தால், மை நுனிக்கு அருகில்வரை வந்துவிடுகிறது. கடைசி மயிரிழையில்தான் தடை. அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பேனாவைச் சிறிது நேரம் வைத்துவிட்டு, எழுதாமல், நுனியை லென்ஸில் பாருங்கள். பிளவின் கடைசிவரை மை பளபளப்பாக நின்றும் காகிதத்தில் படவில்லை என்றால், தலைமையாசிரியர் ஐயா குறிப்பிட்ட உள்விளிம்புப் பள்ளம். மை நுனிக்குச் சற்று முன்பே நின்றுவிட்டால், இதழ்கள் நுனியில் ஒன்றை ஒன்று இறுக்கமாக அழுத்திக்கொண்டிருக்கின்றன. பேனாவைக் கழுவி உலர்த்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தும் இதைச் சரிபார்க்கலாம்: பிளவில் ஒளிக்கோடு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே வந்து குமிழில் மறைய வேண்டும். குமிழுக்கு முன்பே இருட்டாகிவிட்டால் அங்கே இறுக்கம் இருக்கிறது. கீழே விழுந்த பேனாக்களிலும், அழுத்தி எழுதும் கைகளிலிருந்து வந்தவற்றிலும் இதழ்கள் மட்டம் மாறும்போது இப்படி ஒன்றன்மேல் ஒன்று சாய்வது இயல்பு. உங்கள் பேனாவில் ஓர் இதழ் தாழ்ந்திருந்ததால் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் 0.05 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகடு ஒன்று போதும். பித்தளை எஃகைப்போலத் தங்கத்தைச் செதுக்காது. கத்தரியால் ஒரு மூலையைக் கூராக வெட்டி, பிசிறு இல்லாமல் தடவிப் பார்த்துவிட்டு, குமிழின் பக்கத்திலிருந்து பிளவுக்குள் நுழைத்து, வெளியே தெரியும் அந்தச் சிறு பகுதிக்குள் மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முகப்புக்குள் திணிக்க வேண்டாம். உள்ளே நாக்கின் வாய்க்கால் இருக்கிறது. தகட்டைப் பக்கவாட்டில் திருகவும் வேண்டாம். பிளவில் சிக்கியிருந்த காகித நாரோ காய்ந்த மையோ தகட்டின் ஓரத்தில் கருமையாக ஒட்டி வருவதைக் காணலாம். பல பேனாக்களில் அதோடு வேலை முடிந்துவிடும். இதழ்கள் அப்போதும் இறுக்கமாக நின்றால், பேனாவை எழுதும் நிலையில் பிடித்து, நுனியைக் காகிதத்தில் ஊன்றி, இதழ்கள் பிரிவது லென்ஸில் தெரியும் அளவுக்கு மட்டும் அழுத்திச் சில நொடிகள் வைத்திருந்து விடுங்கள். அதன்பின் மட்டத்தை மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த அழுத்தத்தில் ஓர் இதழ் மற்றதைவிட அதிகம் நகர்ந்திருக்கக்கூடும்.

சோதனைக்கு எளிதில் கழுவிப் போகும் சாதாரண நீல மையையே நிரப்புங்கள். நெடுநாள் திறந்திருந்த புட்டியின் கெட்டியான மையிலோ, இந்தியன் இங்க் போன்ற வரைமையிலோ சோதித்தால் குறை நிப்பில் இருக்கிறதா மையில் இருக்கிறதா என்றே தெரியாது. கழுவிய பேனாவின் மைத்தேக்கியில் தண்ணீர் தங்கியிருப்பதால் முதல் ஒன்றிரண்டு பக்கங்கள் வெளிறியே வரும். அதை வைத்து முடிவுசெய்யாமல், மூடி மாட்டி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலை முதல் கோடு எப்படி விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள். அப்போதும் தயங்கினால் கோவை நண்பர் சொன்னபடி முகப்பைத் திறந்துவிடலாம்.